அணு உலையைத் தகர்த்தால் அணுகுண்டு நின்றுவிடுமா?

2025 ஜூன் 22 அதிகாலை, அமெரிக்காவின் 7 பி-2 விமானங்கள் ஈரானுக்குள் புகுந்து 14 பெருங்குண்டுகளைப் போட்டன. ஒவ்வொன்றும் சுமார் 13,600 கிலோ. பூமியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் வெடிப்பதற்கென்றே செய்த குண்டு அது; போரில் பயன்பட்டது அதுவே முதல் முறை. மலைக்கு அடியில் இருந்த ஃபோர்டோவும், நிலத்தடியில் இருந்த நதான்ஸும் இலக்குகள். இரண்டும் யுரேனியத்தைச் செறிவூட்டும் நிலையங்கள். மூன்றாவது இலக்கான இஸ்ஃபஹான் மீது நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவுகணைகள் பாய்ந்தன.

எல்லாம் அடியோடு அழிந்துவிட்டது என்று அறிவித்தார் அதிபர் டிரம்ப். சில நாட்களில் கசிந்த அமெரிக்க ராணுவ உளவுத் துறையின் முதல் மதிப்பீடு, ஈரானின் அணுத் திட்டம் சில மாதங்கள்தான் பின்னுக்குப் போயிருக்கும் என்றது. ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன், இரண்டு ஆண்டுகள் வரை என்றது.

இதில் யார் சொன்னது சரி என்பதை விட, அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று பாருங்கள். மாதங்களா, ஆண்டுகளா என்பதுதான் கேள்வி. உலகின் மிகப் பெரிய விமானப்படை தன்னிடம் இருந்த மிகப் பெரிய சாதாரண குண்டைப் போட்ட பிறகும், கணக்கு காலத்தில்தான் போடப்படுகிறது. இது ஏன் என்று புரிந்துகொள்ள, அணு ஆயுதத் திட்டம் என்பது எதனால் ஆனது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

குண்டு போட்டால் எது அழியும், எது அழியாது

அணுகுண்டு செய்ய முதலில் வேண்டியது அதற்கான மூலப்பொருள். நடைமுறையில் அது இரண்டு வகை: உயர் அளவில் செறிவூட்டிய யுரேனியம், அல்லது புளூட்டோனியம். குண்டை வடிவமைப்பதும் எளிதல்ல. ஆனால் அந்தச் சிக்கலுக்கு 1945-லேயே விடை கண்டுவிட்டார்கள். இன்றும் ஒரு நாட்டின் பணத்தையும் காலத்தையும் அதிகம் விழுங்குவது இந்த மூலப்பொருளைச் சேர்க்கும் வேலைதான். அதனால் தாக்க நினைப்பவர்களும் முதலில் அதைத்தான் குறிவைக்கிறார்கள்.

புளூட்டோனியத்துக்கு அணு உலை வேண்டும். உலையில் யுரேனியத்தைப் பயன்படுத்தி, பிறகு அந்தப் பழைய எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். உலை என்பது பெரிய கட்டடம். கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும். இதையெல்லாம் வானிலிருந்து பார்ப்பவர்களின் கண்ணில் படாமல் செய்வது பெரும்பாடு. அதாவது, விமானப்படைக்குப் பிடித்தமான இலக்கு.

யுரேனியத்தின் கதை வேறு. பூமியிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் 1000 அணுக்களுக்குச் சுமார் 7 மட்டுமே நமக்கு வேண்டிய யுரேனியம்-235. மீதியைக் கழித்துக்கொண்டே வருவதுதான் செறிவூட்டல். இதற்கு சென்ட்ரிஃபியூஜ் என்ற உயரமான உருளைகள் மிக வேகமாகச் சுழல்கின்றன. கனமான அணு ஓரத்துக்கும் லேசானது நடுவுக்கும் போகிறது. உருளை சிறியது, மின்சாரமும் அவ்வளவாகத் தேவையில்லை. சில நூறு உருளைகளை ஒரு கிடங்கிலும் வைக்கலாம், மலைக்குள் குடைந்த அறையிலும் வைக்கலாம்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது, செய்திகளில் வரும் சதவீதங்கள் அப்போதுதான் விளங்கும். நம்மிடம் 1000-க்கு 7 இருக்கிறது. மின் உலைக்குத் தேவையான 4 சதவீதம் என்றால், அதே 7 அணுக்களைச் சுற்றி 175 மட்டும் இருக்கும்படி மற்றதைக் கழிக்க வேண்டும். 825 போய்விட்டது! 20 சதவீதம் என்றால் 35-க்கு 7. 60 சதவீதம் என்றால் ஏறக்குறைய 12-க்கு 7. குண்டுக்கு உகந்ததாகச் சொல்லப்படும் 90 சதவீதத்துக்கு 8-க்கு 7. அதாவது 60-ஐ எட்டியவருக்குப் பெரும்பாலான வேலை முடிந்துவிட்டது; மிச்சமிருப்பது கடைசிச் சில அடிகள்தான். 2025 ஜூன் நடுவில், அமெரிக்காவுக்கு முன்பே இஸ்ரேல் தாக்கத் தொடங்கிய நேரத்தில், ஈரானிடம் 60 சதவீத யுரேனியம் 440 கிலோ இருந்ததாக சர்வதேச அணுசக்தி முகமை கணக்கிட்டது. அதை மேலும் செறிவூட்டினால் ஒரு குண்டுக்கு 42 கிலோ போதும் என்பது அதே முகமையின் அளவுகோல். அந்த 440 கிலோவைச் சில வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். தாக்குதலுக்குப் பிறகு அது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதை முகமையின் ஆய்வாளர்களால் நேரில் சரிபார்க்க முடியவில்லை.

ஆக, கட்டடம் அழியும், இயந்திரம் அழியும். மூலப்பொருள் அழியலாம், புதைந்து கிடக்கலாம், முன்பே வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். அப்புறம் இருப்பது அறிவு. சமையல்காரரின் அடுப்பை உடைத்தால் அன்றைய சாப்பாடு தள்ளிப்போகும், அவருக்குச் சமையல் மறந்துபோகாது. இதனால்தான் விஞ்ஞானிகளையே கொல்லும் வழிக்கும் போகிறார்கள். ஈரானில் 2010 முதல் 2012 வரை பலர் கொல்லப்பட்டார்கள். 2020 நவம்பரில் மொஹ்சன் ஃபக்ரிசாதே. 2025 ஜூனில் ஒரே வாரத்தில் பத்துக்கும் மேற்பட்டோர். தனி மனிதர்களின் அனுபவம் போவது உண்மையான இழப்புதான். ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் பயின்றிருப்பார்கள். அத்தனை பேரையும் கொல்ல முடியாது. கொல்வது சரியா என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது.

கடைசியாக, ஆட்சியில் இருப்பவர்களின் விருப்பம். குண்டு போட்டால் அது குறையுமா, கூடுமா? எனக்குத் தெரிந்து இந்த விவாதத்தில் கடினமான இடம் இதுதான். இதற்கு ஈராக்கை விட நல்ல பாடம் கிடையாது.

ஓசிராக்: வெற்றியா, வினையா?

1970-களில் பிரான்ஸ் ஈராக்குக்கு ஓர் ஆராய்ச்சி உலையை விற்றது. பிரெஞ்சுக்காரர்கள் ஓசிராக் என்றார்கள். ஈராக்கியர்கள் தம்மூஸ்-1 என்றார்கள். பாக்தாதுக்கு அருகே துவைதாவில் கட்டப்பட்டது. அதை முதலில் தாக்கியது யார் தெரியுமா? ஈரான். 1980 செப்டம்பர் 30-ல், ஈரான்-ஈராக் போர் தொடங்கிய சில நாட்களிலேயே, ஈரானிய விமானங்கள் அதன் மீது குண்டு போட்டன. சேதம் அதிகமில்லை. அணு உலை மீது நடந்த முதல் வான் தாக்குதலை நடத்திய நாடு ஈரான் என்பது வரலாற்றின் குறும்பு.

1981 ஜூன் 7-ல் இஸ்ரேல் வந்தது. 8 எஃப்-16 விமானங்கள், துணைக்கு 6 எஃப்-15. இரண்டு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. உலை நாசம். 10 ஈராக் வீரர்களும் ஒரு பிரெஞ்சுக்காரரும் இறந்தார்கள். உலையில் எரிபொருள் நிரப்பும் முன்பே தாக்க வேண்டும் என்பதில் இஸ்ரேல் குறியாக இருந்தது. நிரப்பிய பிறகு தாக்கினால் கதிர்வீச்சு பரவும். ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் ஒருமனதாகக் கண்டித்தது, அமெரிக்காவும் சேர்ந்து வாக்களித்தது. பிறகு 1991-ல் குவைத்தை மீட்க வளைகுடாப் போர் நடந்தபோது அதே அமெரிக்காவில் பலர் மனம் மாறி, நல்லவேளை அந்த உலை இல்லாமல் போனது என்றார்கள்.

இதுவரை கேட்டால் தெளிவான வெற்றி போலத்தான் இருக்கும். ஆனால் 1991-க்குப் பிறகு வெளிவந்த ஆவணங்களும் ஈராக் விஞ்ஞானிகளின் சாட்சியங்களும் வேறு கதை சொல்கின்றன. ஓசிராக் புளூட்டோனியம் தயாரிக்க அவ்வளவு ஏற்ற உலை அல்ல. அதோடு, பிரெஞ்சுத் தொழில்நுட்பர்களும் சர்வதேச ஆய்வாளர்களும் வந்துபோகும் இடம் அது. தாக்குதலுக்கு முன் சதாம் உசேனின் அணுத் திட்டம் திசை தெரியாமல் அலைந்துகொண்டிருந்தது. அதன் முக்கிய இயற்பியலாளர் ஜாஃபர் தியா ஜாஃபர் அப்போது சிறைப்பட்டிருந்தார். கைதான சக விஞ்ஞானி ஹுசைன் ஷஹ்ரிஸ்தானிக்காகக் குரல் கொடுத்ததுதான் குற்றம். தாக்குதலுக்குச் சில மாதங்களில் ஜாஃபர் வெளியே வந்தார். குண்டுக்கான ரகசியத் திட்டத்துக்கே அவர் தலைவரானார். (ஷஹ்ரிஸ்தானி குண்டு வேலையில் சேரக் கடைசிவரை மறுத்து, சித்திரவதைப்பட்டு, பத்தாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். 1991-ல் தப்பித்தார்; பின்னாளில் ஈராக்கின் எண்ணெய் அமைச்சராகவும் ஆனார்.)

சில நூறு பேர் வேலை பார்த்த திட்டம் பல ஆயிரம் பேருக்கு வளர்ந்தது. வானிலிருந்து தெரியும் உலையை விட்டுவிட்டார்கள். பதிலாக, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா பயன்படுத்திவிட்டுக் கைவிட்ட, யுரேனியத்தைக் காந்தத்தால் பிரிக்கும் முறையை எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு பழைய முறையை யாராவது கையில் எடுப்பார்கள் என்று எந்த உளவுத் துறையும் நினைக்கவில்லை.

1991 வளைகுடாப் போர் தொடங்கியபோது அமெரிக்காவின் இலக்குப் பட்டியலில் அணு நிலையங்கள் 2 மட்டுமே இருந்தன. போர் முடியும்போது 8. போருக்குப் பிறகு ஐ.நா. ஆய்வாளர்கள் தரையில் நடந்து தேடியபோது கிடைத்தவை 20-க்கும் மேல். ஆறு வாரக் குண்டுவீச்சு, வானம் முழுவதும் தன் கையில். அப்படியிருந்தும் பெரும்பகுதி தெரியாமலேயே இருந்தது. தெரியாத இடத்தைத் தாக்க முடியாது என்பது எளிய உண்மை, ஆனால் தொலைக்காட்சியில் குண்டு விழும் காட்சியைப் பார்க்கும்போது நமக்கு மறந்துவிடும்.

அந்தத் திட்டத்தை முடித்தது ஆய்வாளர்கள். 1991 ஜூனில் ஃபலூஜா அருகே காந்தக் கருவிகளை லாரிகளில் ஏற்றிக் கடத்தியபோது துரத்திப் படம் எடுத்தார்கள். ஈராக்கியர்கள் வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டப் பார்த்தார்கள். செப்டம்பரில் குண்டு வடிவமைப்பு ஆவணங்களைக் கைப்பற்றிய குழுவை பாக்தாதில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் நான்கு நாள் சிறைவைத்தார்கள். ஆவணங்களோடுதான் வெளியே வந்தார்கள். குண்டு வடிவமைப்புக்கான அல் அதீர் வளாகத்தை 1992-ல் ஆய்வாளர்கள் முன்னிலையில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2003-ல் படையெடுத்துப் போய்த் தேடியபோது எதுவுமே இல்லை, ஏனென்றால் 1991-லேயே திட்டம் முடிந்துவிட்டது.

இதை ராணுவ பலத்தின் வெற்றி என்பதா? ஒரு வகையில் ஆமாம். தோற்ற நாடு என்பதால்தான் சதாம் அந்த ஆய்வாளர்களை உள்ளே விட்டார். ஆனால் அதற்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் கூட்டுப்படையும், ஒரு முழுப் போரும், பாதுகாப்புக் கவுன்சிலின் ஒப்புதலும் தேவைப்பட்டன. அதுவும் அவர் தானே குவைத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டதால் கிடைத்த வாய்ப்பு. குவைத்தை அவர் தொடாமல் இருந்திருந்தால், 1990-களின் நடுவில் ஈராக் குண்டு செய்திருக்கக்கூடும். ஓசிராக் தாக்குதலைப் பாராட்டுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

சிரியாவில் பலித்தது ஏன்?

2007 செப்டம்பர் 6 இரவு, சிரியாவின் தெய்ர் எஸ்ஸோர் மாகாணத்தில் யூப்ரடீஸ் ஆற்றங்கரைக்கு அருகே ஒரு கட்டடத்தை இஸ்ரேல் தகர்த்தது. வட கொரியாவின் உதவியோடு ரகசியமாகக் கட்டி வந்த அணு உலை அது என்று அமெரிக்கா பிறகு சொன்னது. உலையாக இருந்திருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று சர்வதேச முகமையும் 2011-ல் கூறியது. சிரியா பதிலடி கொடுக்கவில்லை. மிச்சத்தைத் தானே இடித்து மண் போட்டு மூடியது. இஸ்ரேல் 2018 வரை வாய் திறக்கவில்லை. அவமானப்படுத்தாமல் விட்டதால் எதிரிக்குப் பழிவாங்கும் கட்டாயம் வரவில்லை என்று சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு.

ஆனால் முக்கியக் காரணம் வேறு. சிரியாவின் திட்டம் என்பதே அந்த ஒரு கட்டடம்தான். அறிவு வெளியாருடையது. உள்நாட்டில் அதைத் திரும்பக் கட்டும் ஆட்கள் இல்லை. அடுத்த நான்கு ஆண்டுகளில் உள்நாட்டுப் போரும் வந்துவிட்டது. வாங்கிய திட்டத்தைக் குண்டு முடித்துவிடும். தானே கற்றுக்கொண்ட திட்டத்தைத் தள்ளிப்போடும். ஈரான் இரண்டாவது ரகம்.

தாக்காமல் விட்ட கதைகள்

நடந்த தாக்குதல்களை மட்டும் பார்த்தால் பாதிப் படம்தான் தெரியும். தாக்க யோசித்துக் கைவிட்டவையும் உண்டு. சீனா 1964 அக்டோபர் 16-ல் முதல் சோதனையை நடத்தும் முன்பு, அதன் நிலையங்களைத் தாக்குவது பற்றி அமெரிக்கா யோசித்தது, சோவியத் யூனியனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தது, சோவியத் தலைவர் குருஷ்சேவ் பிடிகொடுக்கவில்லை. 1994-ல் வட கொரியாவின் யோங்பியான் உலையைத் தாக்கும் திட்டம் கிளிண்டன் அரசின் மேசையில் இருந்தது. தடுத்தது அணுகுண்டு அல்ல, சாதாரண பீரங்கி. தென் கொரியத் தலைநகர் சியோல் எல்லையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். பதிலுக்கு அங்கே விழும் குண்டுகளில் எத்தனை பேர் சாவார்கள் என்ற கணக்கு கையைக் கட்டிப்போட்டது. அந்த ஆண்டே ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். புளூட்டோனியத் தயாரிப்பு எட்டு ஆண்டுகள் நின்றது. 2002-ல் ஒப்பந்தம் முறிந்தது, 2003 ஜனவரியில் வட கொரியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகியது, 2006 அக்டோபர் 9-ல் முதல் சோதனை.

இந்தியாவும் பாகிஸ்தானும் இதற்கு ஒரு தனி வழி கண்டன. கஹூட்டாவில் இருந்த பாகிஸ்தானின் செறிவூட்டல் நிலையத்தைத் தாக்கும் பேச்சு 1980-களில் அடிபட்டது. 1988 டிசம்பர் 31-ல் ராஜீவ் காந்தியும் பேநசீர் புட்டோவும் இஸ்லாமாபாதில் இருந்தபோது, ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்ற உடன்படிக்கை கையெழுத்தானது. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1-ல் இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. போர் மூண்ட ஆண்டிலும், தூதரக உறவு சீர்கெட்ட ஆண்டுகளிலும் இது நிற்கவில்லை.

தாங்களே கைவிட்ட நாடுகளும் உண்டு. தென்னாப்பிரிக்கா 6 குண்டுகளைச் செய்து முடித்துவிட்டுத் தானே பிரித்துப் போட்டது. 1993-ல் அதிபர் டி கிளர்க் அறிவித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. தைவானையும் தென் கொரியாவையும் அமெரிக்கா நெருக்கியே நிறுத்தியது. இரண்டும் அதன் பாதுகாப்பை நம்பியிருந்த நாடுகள் என்பதால் அந்த நெருக்கடி வேலை செய்தது. லிபியா 2003 டிசம்பரில் தன் திட்டத்தை ஒப்படைத்தது. அதன் பின் 2011-ல் மேற்கத்திய விமானங்களின் துணையோடு கடாஃபி வீழ்ந்து கொல்லப்பட்டதை, குண்டைக் கைவிட்டால் இதுதான் கதி என்று வட கொரியா வெளிப்படையாகவே சுட்டிக்காட்டியது.

மறுபடி ஈரான்

2015-ல் ஈரானோடு ஆறு வல்லரசுகள் செய்த ஒப்பந்தத்தின் விளைவைக் கிலோவில் பார்க்கலாம். செறிவூட்டிய யுரேனியக் கையிருப்பு சுமார் 10,000 கிலோவிலிருந்து 300 கிலோவாக இறங்கியது. சுமார் 19,000 சென்ட்ரிஃபியூஜ்கள் 6,000 அளவுக்குக் குறைந்தன. ஈரானின் அராக் என்ற ஊரில் இருந்த உலையின் மையப்பகுதியை எடுத்துவிட்டு சிமெண்ட் நிரப்பினார்கள். செறிவூட்டலுக்கு 3.67 சதவீதம்தான் உச்ச வரம்பு. இவையெல்லாம் ஆய்வாளர்கள் கண்முன் நடந்தன. ஒரு குண்டுக்கான யுரேனியத்தைச் சேர்க்க ஆகும் காலம் இரண்டு மூன்று மாதங்களிலிருந்து ஓராண்டாக நீண்டது. குறைகளும் இருந்தன: சில கட்டுப்பாடுகள் 10, 15 ஆண்டுகளில் காலாவதியாகும், ஏவுகணைகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 2018 மே 8-ல் டிரம்ப் வெளியேறினார். மறு ஆண்டு முதல் ஈரானும் வரம்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டியது.

2021 ஏப்ரல் 11-ல் நதான்ஸில் ஒரு நாசவேலை. மின்சாரம் போய் இயந்திரங்கள் பழுதாயின. இரண்டே நாளில் ஈரான் 60 சதவீதத்துக்குப் போகிறோம் என்று அறிவித்தது. அதுவரை அதன் உச்சம் 20 சதவீதம். 2025 தாக்குதலுக்குப் பிறகும் அதே போக்கு: சர்வதேச முகமையுடனான ஒத்துழைப்பை நிறுத்திவைக்க ஈரான் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. தாக்கியவர்களுக்குக் காலம் கிடைத்தது, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் கண் போனது.

தள்ளிப்போடுவதிலும் அர்த்தம் உண்டு என்று இஸ்ரேலியத் தரப்பில் சொல்வார்கள். இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டால், மறுபடி இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டால், இடையில் ஆட்சியே மாறலாம். இதை ஒரேயடியாக மறுக்க முடியாது. சிரியாவில் காலம் அவர்கள் பக்கம்தான் நின்றது. ஆனால் இந்த முறையில் எதிராளியும் கற்றுக்கொள்கிறார். 1981-ல் ஓசிராக் தரைக்கு மேலே நின்றது. நதான்ஸின் கூடங்களை மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் சில மீட்டர் அடியில் புதைத்தார்கள். ஃபோர்டோவை மலைக்குள் 80 மீட்டருக்கும் கீழே குடைந்தார்கள். 2020 ஜூலையில் நதான்ஸில் தரைக்கு மேல் இருந்த சென்ட்ரிஃபியூஜ் பொருத்தும் கூடம் ஒரு வெடிப்பில் நாசமானது. அதற்குப் பதிலான புதுக் கூடத்தைப் பக்கத்து மலையின் நடுவில் கட்டப்போவதாக ஈரான் அறிவித்தது. செயற்கைக்கோள் படங்களை ஆராய்பவர்கள் அந்தச் சுரங்கம் ஃபோர்டோவை விட ஆழம் என்கிறார்கள்.